கோட்டைக்கு வந்துபோனவர்கள்

கோரா, காலிம்னோஸ் தீவு
14 மார்ச் 1976

அன்புள்ள தம்பி சக்கெலாரிஸுக்கு,

அக்கா தெமெலினா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். அங்கே நீயும் பொலிக்செனியும் சுகந்தானா? ஏதென்ஸில் இன்னும் குளிர் விடவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள். நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி பிடித்தால் லேசில் விடாது.

உன் மச்சானுக்கு இடது கால் அப்படியேதான் இருக்கிறது. கடற்பஞ்சு அறுக்கப்போய் ஆழத்தில் வாங்கிவந்த வாதம், இனி எங்கே போகப்போகிறது? ஆனாலும் கோலை ஊன்றிக்கொண்டு காபிக் கடைக்குப் போவதில் குறைவில்லை. தவக்காலம் தொடங்கியதிலிருந்து சாப்பாட்டில் கோபம். நேற்று கணவாய் வைத்தேன். "இத்தனை வருஷம் கடலுக்கடியில இதும் மூஞ்சியத்தான் பார்த்தேன், தட்டுலயும் இதானா?" என்கிறார். அப்புறம் சட்டியை வழித்துத் தின்றுவிட்டார்.

கிறிஸ்துமஸ் கடிதத்தில் கேட்டிருந்தாயே, புனித மரீனாள் படம் இன்னும் கோட்டையில்தான் இருக்கிறதா, ஆயர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களா என்று. இங்கேதான் இருக்கிறது. அம்மா வைத்திருந்த சாவிக்கொத்து இப்போது என் இடுப்பில். சனிக்கிழமைதோறும் நானும் பக்கத்து வீட்டுச் செவஸ்தியும் எண்ணெய்க் குப்பியோடு மலை ஏறி, கோட்டைக்குள் இருக்கிற எல்லாக் கோயில்களிலும் விளக்கேற்றிவிட்டு வருகிறோம். இடிந்த வீடுகளுக்குள் ஆடு புகுந்து கிடக்கிறது, விரட்டினால் சுவர்மேல் ஏறி நின்று நம்மையே முறைக்கிறது.

இப்போது ஒரு சங்கதி. செவஸ்தியின் கீழறையில் ஒரு டென்மார்க்குப் பெண் வந்து தங்கியிருக்கிறாள். இங்கெர் என்று பெயர். நாற்பது வயது இருக்கும், ஆண்பிள்ளைச் செருப்பு போட்டிருக்கிறாள். தினமும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போகிறாள். போன சனிக்கிழமை புனித நிக்கொலாஸ் கோயிலுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க என்ன பண்றே?" என்றேன்.

"வரையறேன்."

"எதை?"

"சுவர்."

"சுவரை வரையவா அவ்வளவு தூரத்திலேர்ந்து கப்பல் ஏறி வந்தே? உங்க ஊர்ல வீடெல்லாம் சுவர் இல்லாமலா கட்டுறீங்க?"

சிரித்தாள். சிரித்துவிட்டுப் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த நிக்கொலாஸ் படத்தை அளவெடுத்தாள். சுவரை வரைய வந்தவளுக்குப் படத்தின் அளவு எதற்கு? எனக்கு அவள் வந்ததிலிருந்தே மனசு சரியில்லை. நீ நாலு பேரோடு பழகுகிறவன், உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

பொலிக்செனியைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா,
தெமெலினா

*

ஏதென்ஸ்
21 மார்ச் 1976

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சக்கெலாரிஸ் எழுதிக்கொள்வது. நீயும் மச்சானும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம். எனக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. மச்சான் காலுக்குத் தேய்க்க ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், கப்பலில் வரும் எண்ணெய்க்கடைக்காரர் மகனிடம் வாங்கிக்கொள்.

பழம்பொருள் கடையில் வேலை அதிகம். முன்பெல்லாம் பழைய நாற்காலியும் விளக்கும்தான் வரும். இப்போது வெளிநாட்டுக்காரர்கள் கோயில் பொருளாகக் கேட்கிறார்கள். முதலாளி என்னைச் படச் சட்டம் பழுதுபார்க்கிறவனாக மட்டும் நினைக்கவில்லை, பொருளின் தரம் பார்க்கவும் என்னைத்தான் கூப்பிடுகிறார்.

அந்த டென்மார்க்குக்காரியைப் பற்றி எழுதியிருந்தாய். அக்கா, ஜாக்கிரதை. இவர்கள் தீவு தீவாகச் சுரண்டிக்கொண்டு போகிறார்கள். வரைகிறேன் என்பார்கள், ஒரு நாள் பார்த்தால் சுவரில் ஆணி மட்டும் இருக்கும். அவள் எந்தெந்தக் கோயிலுக்குள் போகிறாள்? மரீனாள் கோயிலில் அந்தப் பழுப்புக் கதவும் அம்மா காலத்துப் பூட்டும்தான் இன்னும் இருக்கின்றனவா? படத்தின் மேல் வெள்ளிக் கவசம் இருக்கிறதா? மற்ற நாட்களில் மலைமேல் யாராவது காவல் இருக்கிறார்களா? கவலையில் கேட்கிறேன், எல்லாவற்றையும் விவரமாக எழுது.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. அந்தப் படம் அந்த ஈரத்தில் கிடந்து அழிகிறது. இங்கே அது மாதிரி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்து, மேலே விளக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். கும்பிடத் தோன்றியது.

அன்புத் தம்பி,
சக்கெலாரிஸ்

*

கோரா
2 மே 1976

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்து. உங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டி வாங்கினீர்களா? இங்கே அரிசி அடைத்து மண்பானையில் வைத்து, செவஸ்தி வீட்டு அடுப்பில் ராத்திரி முழுக்க வேகவிட்டேன். உன் மச்சான் தவக்காலத்துக் கடனையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துக்கொண்டார். தைலம் வந்தது, தேய்த்தால் கதகதப்பாக இருக்கிறதாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். அம்மா காலத்துப் பூட்டுதான், துருப்பிடித்து அழகுக்குத் தொங்குகிறது, பலமாக இழுத்தால் கையோடு வந்துவிடும். வெள்ளிக் கவசம் இருக்கிறது. மேலே காவல் என்று யாரும் இல்லை, யார் போய்த் திருடப்போகிறார்கள் என்றுதான் இத்தனை நாள் இருந்தோம்.

இருந்தோம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. நிக்கொலாஸ் கோயிலில் இருந்த சின்னப் படம் காணவில்லை. உள்ளங்கை அகலந்தான் இருக்கும், நினைவிருக்கிறதா? ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் சுண்ணாம்பு அடித்தபோது இருந்தது, நானே துடைத்து மாட்டினேன். திருநாள் முடிந்து வெள்ளிக்கிழமை போனால் இல்லை. செவஸ்தி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவள் புருஷன் கடலுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால்தான் மெழுகுவர்த்தி வைப்பாள்.

திருநாள் வாரத்தில் மலைக்கு வந்துபோனவர்கள் நிறைய. பக்கத்துக் கோஸ் தீவிலிருந்து ஒரு குடும்பம். ஏதென்ஸிலிருந்து பள்ளிக்கூட வாத்தியார் என்று ஒருவர், கோட்டையைப் பார்க்க வந்தாராம், நல்ல பேச்சு, என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் தினமும் போகிற அந்த டென்மார்க்குக்காரி. வேறு யாரைச் சொல்ல?

"அவதான்னு எப்படிச் சொல்றே?" என்கிறாள் செவஸ்தி. "ராத்திரி என்கூட உட்கார்ந்து பயறு பொறுக்குறா."

"பயறு பொறுக்குற கை வேற எதையும் பொறுக்காதா?" என்று கேட்டேன். போலீஸ்காரரிடம் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

அன்புடன்,
அக்கா தெமெலினா

*

ஏதென்ஸ்
9 மே 1976

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். உன் கடிதம் கண்டதும் பதறிவிட்டேன். உடனே எழுதுகிறேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவளேதான். போலீஸில் சொல். அவள் கப்பல் ஏறும்போது துறையில் வைத்துப் பையைச் சோதிக்கச் சொல், அறையில் சோதித்தால் எங்காவது புதைத்திருப்பாள். செவஸ்தி பேச்சைக் கேட்காதே, வாடகைக் காசு வாங்குகிறவள் அப்படித்தான் பேசுவாள். ஊரில் எல்லோருக்கும் தெரியட்டும். தெரிந்தால்தான் இனி ஒரு வெளிநாட்டுக்காரி அங்கே கால் வைக்கமாட்டாள்.

மச்சானுக்கு வணக்கம்.

தம்பி,
சக்கெலாரிஸ்

*

கோரா
30 மே 1976

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் பொலிக்செனியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் ஏதென்ஸ் கப்பலுக்குப் புறப்பட்டாள். துறையில் இரண்டு போலீஸ்காரர்கள் அவள் பையையும் பெட்டியையும் வாங்கிக் கல்மேல் கொட்டினார்கள். கப்பலுக்கு வந்தவர்கள், மீன்காரர்கள், காபிக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பெட்டியில் சாயம், தூரிகை. பையில் துணி, ஒரு சீப்பு, செவஸ்தி கட்டிக்கொடுத்த காய்ந்த அத்திப்பழம். அப்புறம் வரைந்த புத்தகங்கள். வேறு ஒன்றுமில்லை.

போலீஸ்காரர் உள்ளாடையையும் உதறிப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அத்திப்பழம் மண்ணில் உருண்டதை மட்டும் ஊதி ஊதித் துடைத்தாள். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

செவஸ்தி வந்து அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல்வரை போனாள். திரும்பி வந்தவள் என்னிடம், "சந்தோஷமா? பார்த்துட்டியா? இப்ப எங்கே தேடப் போறே?" என்று கேட்டாள்.

நீ இப்போதெல்லாம் அடிக்கடி எழுதுகிறாய். முன்பு கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று. உன் மச்சான், "உன் தம்பிக்கு இந்த வருஷம் பேனா பிடிச்சுப் போச்சு போல" என்கிறார். எனக்குக் கோபம் வந்து அவரிடம் ஒரு நாள் பேசவில்லை.

அந்தச் சின்னப் படத்தைப் பற்றி உங்கள் பக்கம் ஏதாவது காதில் விழுந்தால் எழுது.

அக்கா,
தெமெலினா

*

ஏதென்ஸ்
8 ஜூலை 1976

அன்புள்ள அக்காவுக்கு,

வேலையாக இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். வெயில் தாங்கவில்லை. மச்சான் கால் எப்படி?

அவளிடம் ஒன்றும் அகப்படவில்லை என்பதால் அவள் நல்லவள் என்று ஆகிவிடாது. முன்னாலேயே தபாலில் அனுப்பியிருப்பாள். சின்னப் படம் போனது போனதுதான், அதை நினைத்துக்கொண்டிருக்காதே. இனிப் பெரியதைக் காப்பாற்ற வேண்டும்.

மரீனாள் திருநாள் வருகிறதே. படத்தைக் கீழே ஊர்வலமாகக் கொண்டுவருவீர்களா, அல்லது மேலேயே வைத்துப் பூசை செய்வீர்களா? முடிந்ததும் எங்கே வைப்பீர்கள்? அந்த நீலக் கதவு இந்த வெயிலில் சுருங்கிவிடும், தாழ்ப்பாள் சரியாக விழாது. கவனி.

ஆகஸ்டு மாதா திருநாளுக்கு எல்லோரும் வழக்கம்போல் எதிர்த்தீவுக்குப் படகில் போவீர்களா? சின்ன வயதில் நாம் போனது ஞாபகம் வருகிறது.

அன்புத் தம்பி,
சக்கெலாரிஸ்

*

கோரா
24 ஜூலை 1976

அன்புள்ள தம்பி சக்கெலாரிஸுக்கு,

அக்காவின் அன்பு. நாங்கள் நல்ல சுகம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். எங்கள்மேல் உனக்குத்தான் எவ்வளவு அக்கறை.

மரீனாள் திருநாள் நன்றாக நடந்தது. படத்தைக் கீழே கொண்டுவரவில்லை, மேலேயே வைத்துப் பூசை. பாதிரியார் மூச்சுவாங்கிப் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். அவரை இரண்டு பேர் தூக்காத குறையாக ஏற்றினார்கள்.

நீ சொன்னதை யோசித்து ஒரு காரியம் செய்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது, பாதிரியாருக்கும் செவஸ்திக்கும் உன் மச்சானுக்கும்கூட. திருநாள் முடிந்ததும் படத்தை எடுத்துத் துணியில் சுற்றி, கோட்டைக் கடைசியில் இருக்கிற சிலுவைக் கோயிலில், பீடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அங்கே விளக்கேற்ற இனி நான் மட்டும் போவேன், வேறு யாரும் போகமாட்டார்கள். கதவைக் கம்பியால் முறுக்கியிருக்கிறேன். மரீனாள் கோயிலில் படம் இருந்த இடத்தை மறைத்து வெறும் திரைதான் தொங்குகிறது.

மாதா திருநாளுக்கு முந்தின நாளே எல்லோரும் எதிர்த்தீவுக்குப் போகிறோம். இரண்டு நாள் கோராவில் ஈ காக்கை இருக்காது. படம் பத்திரமாக இருக்கிறது என்று நீயும் நிம்மதியாக இரு. உன்னிடம் மட்டுந்தான் சொல்லியிருக்கிறேன்.

பொலிக்செனிக்கு என் அன்பு. இருமல் இல்லையே?

உன் அக்கா,
தெமெலினா

*

கோரா
22 ஆகஸ்டு 1976

சக்கெலாரிஸ்,

நீ சாப்பிடாமல் போய்விட்டாய். அதனால் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்க வேண்டியதை எழுதுகிறேன்.

மரீனாள் கோயில் கதவு உனக்குத் தெரிந்து பழுப்புதான். நீ ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது. இந்த ஈஸ்டருக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு நானும் செவஸ்தியும் அதற்கு நீலம் பூசினோம். அதை நான் உனக்கு எழுதவில்லை. செவஸ்திக்கு எழுதவே தெரியாது. பிறகு நீலக் கதவு என்று உனக்கு யார் சொன்னார்கள்? அந்த வரியைப் படித்ததும் என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்த வாத்தியார் ஞாபகம் வந்தது. அவரைப் பற்றி நான் எழுதியிருந்தேன். நீ பதிலில் அந்த டென்மார்க்குப் பெண்ணைத் திட்டினாய், செவஸ்தியைக்கூடக் குறை சொன்னாய். அவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை.

அதனால்தான் ஜூலையில் அப்படி எழுதினேன். படம் நிஜமாகவே சிலுவைக் கோயிலில்தான் இருந்தது. வேறு எதையாவது சுற்றி வைத்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. என் தம்பியைச் சோதிக்கிறேன் என்றால் நிஜமான பொருளை வைத்துச் சோதிக்க வேண்டும், யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டே வைத்தேன்.

மாதா திருநாளுக்கு முந்தின நாள் உன் மச்சானிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு, காலையிலேயே மேலே ஏறித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அந்த வாத்தியார் வருவார் என்றுதான் நினைத்தேன். வெயில் ஏறிய பிறகு கீழே பாதையில் ஓர் ஆள் வந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டான். பட்டணத்து ஆள், மலை பழக்கமில்லை என்று எண்ணினேன். வாசலுக்கு வந்து தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தபோதுதான், அப்பாவின் வழுக்கையைப் பார்த்தேன்.

நீ மரீனாள் கோயில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சிலுவைக் கோயிலுக்குப் போனாய். கம்பியைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் எழுந்து கோட்டை வாசலில் போய் நின்றேன். உள்ளே எத்தனை இடுக்கு இருந்தாலும் வெளியே போக அந்த வாசல் ஒன்றுதானே.

"வழியை விடு அக்கா" என்றாய். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கையில என்னடா?"

"கோட்டு."

"இந்த வெயில்ல கோட்டா? குளிருதா உனக்கு?"

"அது இங்க கெடந்தா செல்லரிச்சுத்தான் போகும். அங்க கண்ணாடிக்குள்ள வச்சுப் பார்ப்பாங்க."

"யாரு பார்ப்பாங்க?"

"நான் வரலைன்னா, உங்கிட்ட வாத்தியார்னு சொன்னானே, அவன் வந்திருப்பான். அவன் வந்தா கவசத்தைப் பேத்தெடுப்பான், மரத்தை ஒடைப்பான். நான்னா பூ மாதிரி எடுத்துட்டுப் போவேன்னுதான் நானே வந்தேன்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அப்போதுதான் செவஸ்தி வந்தாள். காற்று பலமாகிப் படகு போகவில்லை, சும்மா இருப்பானேன் என்று எண்ணெய்க் குப்பியோடு ஏறிவந்துவிட்டாள். உன்னைப் பார்த்தாள், உன் கையில் கோட்டுக்குள் தெரிந்த படத்தைப் பார்த்தாள். என் வாய் தானாகப் பேசியது.

"தம்பி வந்திருக்கான். படத்தை வெளிச்சத்துல பார்க்கணும்னான், எடுத்துக் காட்டினேன்."

செவஸ்தி படத்தை முத்தமிட்டாள். பிறகு உன் கன்னத்தைப் பிடித்து, "பட்டணம் போனாலும் மரீனாளை மறக்கலையே நீ! உங்கம்மா இருந்து பார்த்திருக்கணும்" என்று அழுதாள். நீ நின்றாய். நானும் நின்றேன். மூன்று பேருமாகப் போய் அதை அதன் இடத்தில் மாட்டினோம்.

நான் பொய் சொன்னது உனக்காக. ஊருக்குத் தெரிய வேண்டாம். பதிலுக்கு ஒன்றே ஒன்று செய். அந்த டென்மார்க்குப் பெண் ஏதென்ஸில் பிளாக்கா என்ற பகுதியில் தங்கியிருக்கிறாள். விலாசம் செவஸ்தி கொடுத்தாள், இதில் எழுதியிருக்கிறேன். அவளிடம் போ. அவள்மேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, என் அக்கா மன்னிப்புக் கேட்கிறாள் என்று சொல். அந்தக் கடையை விட்டு வெளியே வா.

சின்ன நிக்கொலாஸ் படம் எங்கே என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்.

தெமெலினா

*

ஏதென்ஸ்
3 அக்டோபர் 1976

என் அன்பு அக்காவுக்கு,

எழுத வெட்கப்பட்டு இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன். உன் உடம்பும் மச்சான் உடம்பும் நலமாக இருக்கட்டும். நீ காப்பாற்றியிராவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்து அழாத நாளில்லை. பொலிக்செனிக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

கடையை விட்டுவிட்டேன். ஒரு நண்பரோடு சேர்ந்து படங்களுக்குச் சட்டம் போடும் வேலை செய்கிறேன். நேர்மையான வேலை. சின்ன நிக்கொலாஸ் கடல் தாண்டிப் போய்விட்டார், கேட்டுப் பார்த்தேன், யார் வாங்கியது என்று சொல்ல மறுத்துவிட்டார்கள்.

நீ சொன்னபடி அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். எவ்வளவு நல்ல மனுஷி! காபி கொடுத்தார், உன்னைப் பற்றிக் கேட்டார், கோபமே இல்லை. வரைந்ததையெல்லாம் காட்டினார். மனசு லேசானது. உனக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார். இனி நீ நிம்மதியாகத் தூங்கு அக்கா.

என்றும் உன் தம்பி,
சக்கெலாரிஸ்

*

பிளாக்கா, ஏதென்ஸ்
9 நவம்பர் 1976

மதிப்புக்குரிய தெமெலினா அம்மாவுக்கு,

வணக்கம். நலமா? உங்கள் வீட்டுக்காரர் கால் நலமா? உங்கள் மொழியில் மெதுவாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி வந்தார். நீங்கள் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். அன்று துறையில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது இல்லை. நீங்கள் உங்கள் கோயிலுக்குப் பயந்தீர்கள். எங்கள் ஊரிலும் பயப்படுவார்கள்.

உங்கள் தம்பி அருமையான மனிதர். அதற்குப் பிறகும் நாலைந்து முறை வந்தார். நான் மற்றத் தீவுகளில் வரைந்ததையும் பார்க்க ஆசைப்பட்டார். நிசிரோஸ், திலோஸ், லேரோஸ், சிமி. எல்லாம் மலைமேல் கோட்டை, எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். எந்தக் கோயிலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, யாரிடம் சாவி இருக்கிறது என்று கேட்டார். வரைபடத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்கிறவரை நான் கண்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

நல்லவற்றுக்கு இலவசமாகச் சட்டம் போட்டுத் தருகிறேன் என்று எல்லாப் புத்தகங்களையும் வாங்கிப்போனார். ஒரு வாரம் என்றார். மாதம் ஆகப்போகிறது. அவர் சொன்ன கடைக்குப் போனேன், அங்கே செருப்பு விற்கிறார்கள். நான் விலாசத்தைத் தப்பாக எழுதிக்கொண்டேனோ? அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

செவஸ்திக்கு முத்தம்.

அன்புடன்,
இங்கெர்

*

கோரா
12 டிசம்பர் 1976

அன்புள்ள இங்கெர் அம்மாவுக்கு,

நலம். உங்கள் நலத்தைக் கேட்க எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் புத்தகங்கள் பிரேயஸ் துறைமுகத்துக் காவல் நிலையத்தில் இருக்கின்றன. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிட்டுக் கொடுப்பதாக அதிகாரி சொன்னார். கூப்பிடாவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.

அன்று உங்கள் பையைக் கல்மேல் கொட்டவைத்தது நான். அதற்கு மன்னிப்புக் கேட்கத் தம்பியை அனுப்பியது அதைவிடப் பெரிய தப்பு. திருடியது அவன் என்று தெரிந்தே அனுப்பினேன். உங்களைப் பார்த்தால் வெட்கப்படுவான், திருந்துவான் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தில் நிசிரோஸ், திலோஸ் என்று படித்தபோது, நானே கையைப் பிடித்து அவனை அந்தக் கோயில் வாசல்களிலெல்லாம் கொண்டுபோய் விட்டது போலிருந்தது.

கடிதம் வந்த அன்றே செவஸ்தியிடம் போனேன். ஆகஸ்டில் கோட்டை வாசலில் நான் சொன்னது பொய் என்றேன். அவள் அடுப்பில் இருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு, "அவன் கன்னத்தைப் பிடிச்சேனே" என்று மட்டும் சொன்னாள். பாதிரியாரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். செவஸ்தி இப்போது வேறொரு பெண்ணோடு மலை ஏறுகிறாள். என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறாள், நிற்பதில்லை.

தம்பிக்குத் தந்தி கொடுத்தேன். புத்தகங்களோடு துறையில் நில், கப்பலில் வருகிறேன் என்று. என் வீட்டுக்காரர் தானும் வருகிறேன் என்று கோலை எடுத்தார்.

"வேண்டாம்" என்றேன். "நீங்க வந்தா நான் அழுவேன்."

பிரேயஸில் மழை. அவன் நிற்கமாட்டான் என்றுதான் நினைத்தேன். நின்றுகொண்டிருந்தான், தார்ப்பாய்க்குள் புத்தகங்களைச் சுற்றி, தான் நனைந்துகொண்டு. நான் அதை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போய் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எங்கள் கோட்டை, எங்கள் சுவர்கள். நீங்கள் சுவரைத்தான் வரைந்திருக்கிறீர்கள். ஒவ்வொரு விரிசலும் இருந்தது. நிசிரோஸ் புத்தகத்தைத் திறந்தபோது நடுவில் தாள்கள் இல்லை. தையலை ஒட்டி யாரோ பிளேடால் நறுக்கியிருந்தார்கள்.

"இது என்னடா?"

"முதல்லயே அப்படித்தான் இருந்துச்சு அக்கா."

"அவங்க கிழிச்சாங்களா?"

"இருக்கும்."

"நிசிரோஸ்ல எந்தக் கோயில் அது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றான். பிறகு, "வீட்டுக்கு வா அக்கா. பொலிக்செனி சூப் வச்சிருக்கா. நனைஞ்சுட்டே" என்றான். அவன் குரலில் பொய்யே இல்லை. நான் நனைந்துவிட்டேன் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டான்.

நான் புத்தகங்களைச் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். "சரி, வா" என்றேன்.

அவன் வீட்டுக்குப் போகிற பேருந்து இடது பக்கம் நிற்கும். நான் வலது பக்கம் திரும்பினேன். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பின்னால் வந்தான். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. காவல் நிலைய வாசல்வரைக்கும் என் துணிப்பையை அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

தெமெலினா